இல்லாத மொழியில் ஒரு வசவு

வெள்ளியம்மைக்கு வயது நாற்பது. அவரிடம் பாடம் கேட்க மலையேறி வந்த பொலுவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. குரு சீடரைப் ‘பெரியவரே’ என்பார். சீடர் குருவைத் ‘தாயே’ என்பார்.

பொலுவன் உருணி இனத்தவர். அவர்கள் மொத்தமே இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒருநாள் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குப் போன பொலுவன் முகம் வாடித் திரும்பினார்.

“இன்றைக்கும் இல்லையா?” என்று கேட்டார் குரு.

“இல்லை தாயே. பதினோராவது தடவை. இனம் என்ற இடத்தில் ‘மற்றவர்’. மொழி என்ற இடத்தில் ‘மற்றவை’. ஆடுகளுக்குக்கூட வெள்ளாடு, செம்மறி என்று தனித்தனிக் கட்டம் வைத்திருக்கிறார்கள். என் பேத்தி பள்ளிக்கூடத்தில் உருணியில் பேசினால், ‘இரைச்சல் போடாதே’ என்கிறார்களாம். நாங்கள் யார் என்று இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது?”

“வாருங்கள், போய்வருவோம்.”

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அதிகாரி கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எத்தனை தடவை சொல்வது? உருணி என்று ஒரு மொழியே கிடையாது.”

குரு சீடர் பக்கம் திரும்பினார். “பெரியவரே, இப்போது உங்கள் மனதில் என்ன இருக்கிறதோ அதை உருணியில் சொல்லுங்கள்.”

பொலுவன் அதிகாரியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார்.

குருவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அதிகாரி விருட்டென்று நிமிர்ந்தார். “என்னைப் பற்றி என்ன சொன்னான்?”

“ஒன்றும் சொல்லியிருக்க முடியாது ஐயா. அப்படி ஒரு மொழியே கிடையாதே.”

“திட்டினான்! எனக்குத் தெரியாதா?”

“எந்த மொழியில் ஐயா?”

“உருணியில்தான்!”

அதே வேகத்தில் ஒரு தாளை இழுத்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார். ‘உருணி இனத்தைச் சேர்ந்த பொலுவன் என்பவர், பணியில் இருந்த என்னை உருணி மொழியில் இழிவாகப் பேசினார்.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, நகலைப் பொலுவன் கையில் திணித்தார்.

“அடுத்த வாரம் விசாரணை. வந்து சேர்!”

வெளியே வந்ததும் பொலுவன் நகலை இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது. கூடவே பயமும் வந்தது.

“தாயே, சத்தியமாக நான் திட்டவில்லை. ‘மேலே மின்விசிறி ஆடுகிறது, தலையில் விழப்போகிறது, கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்’ என்றுதான் சொன்னேன். விசாரணையில் என்ன சொல்லட்டும்?”

“அதையே சொல்லுங்கள்” என்றார் குரு. “ஆனால் உருணியில் மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது அவர்கள் பாடு.”