நமசிவாயம் வைத்த கறிக்குழம்பு

“வாயில வைக்காம ஆட்டுக்கறி சமைக்க முடியுமா, பாய்?”

கேட்டவர் நமசிவாயம். பரம்பரைச் சைவம். பக்கத்து வீட்டில் முட்டை பொரித்தாலே ஜன்னலைச் சாத்துகிறவர். கேட்கப்பட்டவர் மேலப்பாளையத்துச் சமையல் மாஸ்டர் கமாலுத்தீன்.

“யாருக்கு அண்ணாச்சி?”

“என் வீட்டுக்காரிக்கு. ஆபரேஷன் முடிஞ்சு வந்ததிலேருந்து சாப்பாடு இறங்க மாட்டேங்கு. கறிக்குழம்பு வேணும்னு ஒரே ஒரு தடவை கேட்டா. எனக்காகக் கறியையே விட்டவ, பாய்.”

“கடையில வாங்கிக் குடுக்கலாம்லா?”

“குடுத்தேன். ஒரு வாய் வச்சிட்டுத் தட்டைத் தள்ளிட்டா. நானே வச்சுக் குடுக்கப் போறேன். கத்துக்கிடாம இங்கேருந்து நகர மாட்டேன்.”

மாஸ்டர் கத்தியை நீட்டினார்.

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். நமசிவாயம் கறியைக் கழுவினார். குமட்டியது. வெளியே ஓடினார். திரும்பி வந்து மறுபடி கழுவினார்.

மசாலா பிடிபட்டது. அடுப்புப் பக்குவமும் வந்தது. உப்பு மட்டும் வரவில்லை. மாஸ்டர் ருசி பார்த்தால் ஒரு நாள் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது.

“உப்பை எப்படிப் பாய் கண்டுபிடிக்கது?”

“நோன்பு வரட்டும்.”

ரம்ஜான் பிறந்தது. பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொத்துக்கறியோடு கொதித்தது. காலையிலிருந்து மாஸ்டர் வாயில் பச்சைத் தண்ணீர் இல்லை.

“இன்னைக்கு உங்களாலயும் ருசி பாக்க முடியாதே!” நமசிவாயத்துக்கு உள்ளூரக் குஷி.

மாஸ்டர் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து ஆற்றினார். வாசலுக்குப் போனார். எதிரே ஆட்டோவில் சேவியர் உட்கார்ந்திருந்தான்.

“சேவியரு, உப்பு பாரு.”

“கொஞ்சம் பத்தல பாய்.”

மாஸ்டர் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.

நமசிவாயம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலமே வீட்டில் குழம்பு கொதித்தது. கரண்டியை ஊதிக்கொண்டே கட்டிலுக்குப் போனார். மனைவி ஜெயராணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“உப்பு பாரு.”

அவள் திரும்பினாள். கரண்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“நீங்களா வச்சீங்க?”

“ஆமா. சரியா இருக்கான்னு எனக்குத் தெரியாது. நீதான் சொல்லணும்.”

நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

“உப்பே இல்ல. மல்லிப்பொடி பச்சை வாடை அடிக்கு. அதுக்குள்ள யாரு இறக்கச் சொன்னா?”

“இன்னும் இறக்கல.”

காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள்.

“கையப் பிடிங்க, எந்திரிக்கணும். கரண்டிய எங்கிட்டத் தாங்க.”