மடியில் ஊறிய கறி

"என் கண்ணுக்குள்ளேயே கத்தி இருக்காம், ஆலிமா."

தர்கா அடுப்படியில், மார்க்கக் கல்வி கற்ற ஆலிமா சபுரா, கறி மெத்தென்று வேகப் பப்பாளிக்காயை அரைத்துக்கொண்டிருந்தார். கந்தூரி விருந்துச் சோற்றுக்கு ஆட்டுக்கறி காத்திருந்தது.

"யாரு சொன்னா, லாத்தா?"

"கண் டாக்டர்தான்," என்றாள் லத்தீபா. ஆலிமாவைவிடப் பதினைந்து வயது மூத்தவள்; அக்கா என்ற உரிமையில்தான் லாத்தா. "விழித்திரை செல்லுக்குள்ள புரதத்தை வெட்டுற நொதி இருக்காம். பழசை வெட்டிக் கழிக்கிறதுதான் அதுக்கு வேலை. கண்ணுல அழுத்தம் ஏறினா கட்டவிழ்த்துக்கிட்டு, இருக்கிற செல்லையே வெட்டுமாம். செத்த செல்லு திரும்ப முளைக்காதாம்."

"இப்ப எப்படி இருக்கு?"

"வலது கண்ணுல ஓரம் போயிடுச்சு. பக்கத்துல ஆள் வந்தாத் தெரியல."

"மருந்து?"

"அழுத்தம் குறையச் சொட்டு மருந்து. மூணு நாளா விடல."

"ஏன்?"

"கத்தி உள்ள இருக்கு. வெளியே இருந்து சொட்டு விட்டு என்ன ஆகப்போவுது? அந்தக் கத்தியே இல்லாமப் போகணும்னு அல்லாஹ்கிட்ட துஆ செய்யுங்க."

ஆலிமா அரைத்து முடித்தார். அரைத்ததைக் கறி முழுவதிலும் பிசைந்தார். ஒரு கை அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, லத்தீபாவின் மடியில் வைத்தார்.

"பிடிங்க. பேசுங்க."

லத்தீபா பேசினாள். இடது கண்ணும் போனால் யார் கையைப் பிடிப்பது. மருமகள் முகம் சுளிப்பாளா. சுளித்தாலும் தனக்குத் தெரியாதே.

நடுவே ஆலிமா எழுந்து அண்டாவை அடுப்பில் ஏற்றினார். லத்தீபா கவனிக்கவில்லை.

பேசிப் பேசி மூன்று மணி நேரம் ஓடி, பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது.

"கிண்ணத்தைப் பாருங்க, லாத்தா."

லத்தீபா விரலை வைத்தாள். கறி கூழாக ஒட்டிக்கொண்டு வந்தது.

"யா அல்லாஹ். கெட்டுப்போச்சா?"

"இல்ல. பப்பாளி வெட்டியிருக்கு."

ஆலிமா அண்டாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். மெத்தென்று வெந்திருந்தது. குழையாமல் முழுசாக இருந்தது.

"இதுல பப்பாளி போடலையா?"

"அதே பப்பாளி. உங்க முன்னாலதானே பிசைஞ்சேன்."

"அப்ப இதை மட்டும் ஏன் விட்டு வச்சுது?"

"அரை மணியில அடுப்புல ஏத்திட்டேன். வெளியே இருந்து சூடு பட்டா அது அடங்கிடும்."

"என் கிண்ணத்தையும் ஏத்தியிருக்கலாமே."

"அது உங்க மடியிலதானே இருந்துச்சு."

லத்தீபா கிண்ணத்தையே பார்த்தாள்.

பிறகு எழுந்துபோய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பைக்குள் துழாவி மருந்துப் புட்டியை எடுத்தாள். சுவரில் சாய்ந்து அண்ணாந்தாள்.

"துஆ செய்யவா, லாத்தா?"

"கொஞ்சம் இருங்க, ஆலிமா."