தம்பூர் கேட்காமல் விட்ட கேள்வி

அந்தக் காலத்தில் நாய்கள் குரைத்ததில்லை, பேசின. பூனையும் பேசியது, வாத்தும் பேசியது. ஆனால் அவையெல்லாம் தங்கள் சோலியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டன. நாய்தான் ஓயாது. மூக்குக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்த நொடி வாய்க்கு வந்துவிடும் பிறவி அது.

பிரான்சு தேசத்தின் தென்மேற்கில், ஓக் மரக்காடும் சதுப்பு நிலமும் கலந்து கிடக்கும் ஒரு சீமையில், தம்பூர் என்றொரு வேட்டைநாய் இருந்தது. தம்பூர் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் முரசு. பொருத்தமான பெயர்தான். இன்று பாசெட் என்று சொல்கிறோமே, தரையோடு தரையாகக் காதை இழுத்துக்கொண்டு நடக்கும் நாய், அந்த வம்சத்துக்கே மூத்தது தம்பூர். ஆனால் அன்று அதைப் பார்த்திருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். கன்றுக்குட்டிக்கு இருப்பதுபோல உயரமான கால்கள். தோல் உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். காதுகள் சின்னதாக, எப்போதும் நிமிர்ந்து நிற்கும்.

அதை வளர்த்தவன் கிலெம். குதிரை வைத்து வேட்டையாடுகிற பிரபு அல்ல, நடந்தே முயல் பிடிக்கிற ஏழை. அவன் மனைவி மெஞ்செத். அவர்களுக்கு இரண்டு வயதில் ஓதில் என்றொரு பெண் குழந்தை. மூன்று பேருக்கும் பெரும்பாலான நாள் டர்னிப் கிழங்கு சூப்புதான் சாப்பாடு. வேட்டைநாய் வைத்திருக்கிறவன் வீட்டில் கறி இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் சிக்கல் இருந்தது.

முயலின் வாசனை எட்டியதும் தம்பூர் காற்றாகப் பறந்துவிடும். கிலெம் ஒரு மேட்டை ஏறி முடிப்பதற்குள் அது மூன்று மேடு தாண்டிப் போய், முயலைக் கண்டுபிடித்து, திரும்பி ஓடிவந்து வழி சொல்லும். அந்த வழியைத்தான் யாராலும் புரிந்துகொள்ள முடியாது. நரி ஒன்றுக்குப் போன மரத்தில் இடப்பக்கம் திரும்பு, ஈரக் காளான் வாசனை முடிகிற இடத்தில் இறங்கு, முந்தாநாள் பன்றி புரண்ட சேற்றைத் தாண்டு என்று அடுக்கும். கிலெம் தலையை ஆட்டிக்கொண்டே நடப்பான். அவன் போய்ச் சேரும்போது முயல் தன் பேரன் பேத்திகளைப் பார்க்கப் போயிருக்கும்.

தம்பூருக்கு உலகத்தில் எல்லாவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும். மூக்கு இருந்ததால் பெரும்பாலும் அறிந்தும் வைத்திருந்தது. ஒன்றைத் தவிர. அது வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது.

வேட்டைநாய் வாசற்படி தாண்டக்கூடாது என்பது அந்தச் சீமையின் கட்டு. வெங்காய நெடியும் அடுப்புப் புகையும் வேட்டை மூக்கைக் கெடுத்துவிடும் என்று கிலெமின் அப்பனும் சொன்னான், அவனுக்கு அப்பனும் சொன்னான். அதனால் தம்பூருக்கு வைக்கோல் கொட்டகைதான் வீடு. சாயங்காலமானால் கதவிடுக்கில் மூக்கை வைத்து நிற்கும். பாலாடைக்கட்டி எந்தத் தட்டில் இருக்கிறது, குழந்தையின் தலையில் எந்த எண்ணெய் தடவியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் நெருப்புப் பக்கத்தில் படுத்திருக்கும்போது முதுகின்மேல் ஒருவர் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டால் எப்படி இருக்கும்? அதற்கு வாசனை கிடையாது. உள்ளே போனால்தான் தெரியும்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். ஊர்க்கதை பேச ஒன்பது வாய் உள்ளவர்கள் பலருக்குத் தனக்கென்று ஒன்று கேட்க அரை வாய்கூட இருக்காது. தம்பூரும் அந்த ரகம். ஒரு குளிர்காலக் காலையில் மட்டும், இன்று வேட்டை முடிந்து வந்ததும் கேட்டே விடுவது என்று முடிவு செய்தது.

அன்று மூடுபனி. கிலெம் நீட்டிய கை அவனுக்கே தெரியவில்லை. சதுப்பு ஓரத்தில் முயல் வாசனை கிடைத்தது, தம்பூர் பறந்தது. அதன் பின்னால் விரைந்து நடந்த கிலெம் ஒரு பள்ளத்தில் விழுந்தான். கால் முறிந்து, விழுந்து கிடந்த மரத்தடியில் மாட்டிக்கொண்டது. இடுப்புவரை பனித்தண்ணீர். தம்பூர் திரும்பி வந்து பார்த்தபோது அவன் உதடு நீலமாகியிருந்தது. மெஞ்செத்தைக் கூட்டிக்கொண்டு வா, பொழுது சாய்வதற்குள் வந்தால்தான் உண்டு என்று மட்டும் சொன்னான். தான் ஓடியதால்தான் இவன் விழுந்தான் என்று தம்பூருக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அது பதில் பேசாமல் கிளம்பியது.

மெஞ்செத் விஷயம் கேட்டதும் குழந்தையை முதுகில் சால்வையால் கட்டிக்கொண்டாள், கயிற்றை எடுத்துத் தோளில் போட்டாள், எந்த இடம் என்று கேட்டாள். தம்பூர் சொன்னது. நரி மரம், காளான், பன்றிச் சேறு.

"என் மூக்குக்குப் பால் தீஞ்சாத்தான் தெரியும். நீ முன்னாடி போ, நான் பின்னாடி வரேன்" என்றாள்.

தம்பூர் முன்னால் போனது. பத்து எட்டு வைப்பதற்குள் பனி அதை விழுங்கிவிட்டது. அங்கிருந்து கூப்பிட்டது. சொற்கள் நாலு மரத்தைத் தாண்டுவதற்குள் உதிர்ந்துபோயின. திரும்பி வந்தது, மறுபடி போனது, மறுபடி தொலைந்தது. மெதுவாக நடக்கத்தான் அதற்கு ஆசை. ஆனால் வாசனை மூக்கில் ஏறியதும் கால்கள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அது திரும்பி வந்தபோது மெஞ்செத் முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். முதுகில் குழந்தை அழுதது. நண்பகல் கடந்துவிட்டது.

"உன் காலு உனக்கு மட்டும்தான் உதவுது, தம்பூர்" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தம்பூருக்கு வெட்கமாக இருந்தது. மெஞ்செத் சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டிருக்கும்போது, அது முகத்தைத் தரையில் வைத்துப் படுத்தது. மண்ணும் அப்போதெல்லாம் பேசும். ஆனால் மூக்கைத் தன்மேல் வைத்தவர்களுக்கு மட்டும்தான் அது கேட்கும். அவ்வளவு உயரத்திலிருந்து மோப்பம் பிடித்த தம்பூருக்கு அதுவரை கேட்டதில்லை.

என்ன வேண்டும் என்று மண் கேட்டது.

"என் காலை எடுத்துக்கோ. அந்த அம்மா கூட நடக்குற அளவுக்கு மட்டும் வெச்சா போதும்."

எடுத்ததைத் திருப்பித் தரும் வழக்கம் தனக்கு இல்லை என்று மண் எச்சரித்தது. தெரியும் என்றது தம்பூர். பிறகு, பனியில் தன் பேச்சு எட்டவில்லையே, அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டது. ஆபத்து நேரத்திலும் அதற்குக் கேள்வி குறையவில்லை.

"உன் கிட்ட சொல்லு அதிகம். அதான் உதிருது" என்றது மண். "எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே குரலாக் கட்டித் தரேன். காடு முழுக்கக் கேட்கும். ஆனா, கட்டினதுக்கு அப்புறம் பிரிக்க முடியாது. கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னா இப்பச் சொல்லிக்கோ."

காலையிலிருந்து சுமந்துகொண்டிருந்த அந்தக் கேள்வி தம்பூரின் நாக்கு நுனியில்தான் இருந்தது. என்னை ஒருநாள் உள்ளே விடுவீர்களா? நாலே சொல். கேட்டிருந்தால் மெஞ்செத் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். தம்பூர் அவளைப் பார்த்தது, முதுகில் இருந்த குழந்தையைப் பார்த்தது.

"என் பின்னாடியே வா அம்மா. இனிமே ஓட மாட்டேன்."

நாய்கள் பேசிய பேச்சில் தம்பூரின் பங்கு அத்தோடு முடிந்தது.

கால்கள் மண்ணுக்குள் இறங்கின. சாண் அளவு மிஞ்சியதும் மண் நிறுத்திக்கொண்டது. ஆனால் அது காலை மட்டும்தான் எடுத்தது. தோல் அப்படியே இருந்தது. உயரமான நாய்க்கு அளவெடுத்துத் தைத்த தோல் குட்டை நாயின்மேல் எப்படி நிற்கும்? அண்ணன் சட்டையைத் தம்பி போட்டதுபோலத் தொளதொளவென்று வழிந்தது. கழுத்தில் மடிப்பு விழுந்தது, நெற்றி சுருங்கி இமைகள் இறங்கின, நிமிர்ந்திருந்த காதுகள் நீண்டு தரைக்கு வந்துவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை நடந்தது. தரையில் புரண்ட காதுகள், இலைகளுக்கு அடியில் பதுங்கியிருந்த வாசனையையெல்லாம் கிளப்பி மூக்குக்கு வாரிக் கொடுத்தன. உயரத்தில் இருந்தபோது தப்பிப்போனவையெல்லாம் இப்போது கிடைத்தன. கிலெமின் செருப்புத் தோல், அவன் பை, அவன் பயம். தம்பூர் வாயைத் திறந்தது. சொல் வரவில்லை. ஓவென்று நீண்ட ஒரே குரல் எழுந்து, பனியைக் கிழித்துக்கொண்டு காடு முழுக்கப் போனது.

மெஞ்செத் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பனியில் நாய் மறைந்தாலும் குரல் மறையவில்லை. நாயும் அவள் நடைக்குத்தான் போனது. வேறு நடை அதற்கு இப்போது கிடையாது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கிலெமுக்கு மார்புவரை தண்ணீர். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று இருந்தவன், அந்தக் குரல் நெருங்கி வருவதைக் கேட்டுத்தான் விழித்திருந்தானாம். மெஞ்செத் கயிற்றை மரத்தில் சுற்றி இழுத்தாள், அவனும் கையூன்றிப் புரண்டான், எப்படியோ வெளியே வந்துவிட்டான். அவள் தோளில் சாய்ந்து ஒற்றைக் காலில் வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

கிலெமை நெருப்பருகே படுக்கவைத்துவிட்டு மெஞ்செத் கதவைச் சாத்த வந்தாள். தம்பூர் வாசற்படிக்கு வெளியே நின்றது, வழக்கமாக நிற்கும் இடத்தில். அவளை அண்ணாந்து பார்த்தது. தொங்கிப்போன இமைகளுக்குக் கீழே கண்கள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

என்ன வேண்டும் என்று கேட்டாள். தம்பூரால் சொல்ல முடியவில்லை. கதவையும் சாத்த முடியாமல், காரணமும் தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.

"எவ்வளவு நேரம் தொறந்து வெப்ப? குளிருது" என்றான் கிலெம் உள்ளேயிருந்து. "அவனையும் உள்ள விட்டுச் சாத்து."

தம்பூர் உள்ளே வந்து நெருப்பருகே படுத்தது. ஓதில் தத்தித் தத்தி வந்து, அதன் காதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழே உட்கார்ந்து, சூடு ஏறாத சின்னக் கால்கள் இரண்டையும் அதன் முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். மூக்கால் அறிய முடியாமல் இருந்த அந்த ஒன்றையும் தம்பூர் அறிந்துகொண்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது அதற்கு. சொல்லத்தான் சொல் இல்லை.

வெங்காயம் மூக்கைக் கெடுத்ததா என்றால், இல்லை. கால் கூடியதும் கோலை ஊன்றிக்கொண்டு கிலெம் முதல்முறை காட்டுக்குப் போன நாளிலேயே வீட்டில் முயல் கறி வெந்தது. நொண்டி நடப்பவனும் எட்டிப் பிடிக்கும் வேகத்தில் அல்லவா அவன் நாய் இப்போது போனது.

பாசெட் நாய் காட்டில் குட்டைக் காலால் மெதுவாகப் போய், ஒரே நீளக் குரலில் ஆளைக் கூப்பிடுவதும், வீட்டில் குழந்தையின் காலடியில் கிடப்பதும் அன்று தொடங்கியதுதான். அது வாசலில் நின்று நம்மை அண்ணாந்து பார்ப்பதைச் சோகம் என்று நினைக்கிறோம். சோகமெல்லாம் இல்லை, தம்பூர் கேட்காமல் விட்ட கேள்வியை அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாமும் என்ன கேள்வி என்று தெரியாமலே கதவைத் திறந்துவிடுகிறோம்.