முதுகில் கை வைக்க ஆளில்லை

ஆற்றோரக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி தனியாக வாழ்ந்து வந்தது. வேடனின் கண்ணியில் சிக்கித் தப்பியதிலிருந்து அதன் பின்னங்கால் சரியாகவே இல்லை. கீரியின் மருந்துக் கடையில் தினம் ஒரு மயக்கிலை வாங்கி மென்றால்தான் வலி அடங்கும். வலி அடங்கினால்தான் கிழங்கு தோண்டப் போக முடியும்.

கீரி மட்டும்தான் அதனிடம் நாலு வார்த்தை பேசும். மற்ற விலங்குகள் முள்ளைக் கண்டாலே பத்தடி தள்ளி நடக்கும்.

இந்தக் குரங்குகள் சும்மா இருந்தால்தானே! வலி என்று பொய் சொல்லிக் கை நிறைய இலை வாங்கித் தின்றன. கிறுகிறுத்துப் போய் மரத்திலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஒன்று யானையின் தலையிலேயே விழுந்தது!

சபை கூடியது.

"கடையை மூடுங்க!" என்று பிளிறியது யானை.

"ஐயோ, மூடினா என் கதி?" என்றது முள்ளம்பன்றி. அவ்வளவு கூட்டத்திலும் அதைச் சுற்றி மட்டும் இடம் காலியாகக் கிடந்தது.

நரி தொண்டையைச் செருமியது. "மூடவும் வேணாம், இப்படியே விடவும் வேணாம். இலை கேட்டு வர்றவங்க ரெண்டு சாட்சியோட வரட்டும். நம்ம காட்டு வழக்கப்படி, சாட்சிங்க அவங்க முதுகுல கை வச்சு, 'இந்த வலி நிஜம்'னு சத்தியம் பண்ணட்டும்!"

"பலே!" என்று எல்லாரும் கை தட்டினார்கள். முள்ளம்பன்றியும் தட்டியது. கடை பிழைத்ததே என்ற சந்தோஷம் அதற்கு.

மறுநாள் காலை கடை முன்னால் குரங்குகளின் வரிசை. ஒன்றின் முதுகில் ஒன்று கை வைத்து, "நிஜம்! நிஜம்!" என்று சத்தியம் செய்து இலையை அள்ளிக்கொண்டு போயின.

முள்ளம்பன்றியின் முறை வந்தது.

"சாட்சி எங்கே, அக்கா?" என்றது கீரி.

முள்ளம்பன்றி திரும்பிப் பார்த்தது. முயல் வானத்தைப் பார்த்தது. மான் மெல்ல நகர்ந்தது.

"முள்ளை நல்லாப் படிய வச்சுக்கறேன். மெதுவாத் தொட்டா குத்தாது. யாராவது வாங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை.

"நானே வைக்கிறேன்," என்று கீரி கையை நீட்டியது.

"கடைக்காரர் சாட்சி செல்லாது!" என்று அதட்டியது நரி. "உனக்கு இலை இல்லேன்னு யார் சொன்னா? ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா, தாராளமா வாங்கிக்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

முள்ளம்பன்றி நொண்டி நொண்டி வளைக்குத் திரும்பியது. இத்தனை நாள் இதே காட்டில் வாழ்ந்தும் தனக்கென்று இரண்டு பேர் இல்லையே என்பது கால்வலியைவிட அதிகமாக வலித்தது.

அடுத்த சபை அந்த வளைக்குப் பக்கத்திலிருந்த புங்கமரத்தடியில் கூடியது.

"சட்டம் பிரமாதமா நடக்குது!" என்றது நரி. "சாட்சி இல்லாம ஒருத்தரும் இலை வாங்கறதில்ல. அந்த முள்ளம்பன்றிகூட இப்ப கடைப் பக்கம் வர்றதில்ல. கால் குணமாயிடுச்சு போல!"

எல்லாரும் கை தட்டினார்கள்.

எழுந்து நிற்க முடியாமல் வளைக்குள் கிடந்த முள்ளம்பன்றி, "இல்லீங்க, வலிக்குது!" என்று கத்தியது. கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

ஏமாற்றுக்காரரைத் தடுக்கச் சட்டம் போடுகிறவர்கள் துணையில்லாதவரை நினைத்துப் பார்க்காவிட்டால், அந்தச் சட்டம் ஏமாற்றுக்காரரை உள்ளே விட்டுத் துணையில்லாதவரைத்தான் வெளியே நிறுத்தும்.