துண்டுக்குள் பேசிய விலை

இக்கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர், எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திய சௌந்தரவல்லி அம்மாள். கதை சொல்லும்போதும் அவர் ஒரு ரூபாயைக் கூட்டியதில்லை, குறைத்ததுமில்லை.

*

“அம்பலவாணன் தன் வண்டியை என்ன விலைக்கு வாங்கினான், தாயே?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

உலகம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் தில்லைநாயகத்தின் குரு. வயதில் அவரைவிடப் பல ஆண்டுகள் இளையவர்.

“அவரையே கேட்பதுதானே?”

“கேட்டேன். சிரிக்கிறான்.”

“எப்படிச் சிரிக்கிறார்?”

“என் வயிறு எரியும்படி.”

குரு பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார்.

தில்லைநாயகமும் அம்பலவாணனும் ஒரே நாளில் மடத்தில் சேர்ந்தவர்கள். ஒரே பந்தியில் உண்பவர்கள். ஆண்டுக்கொரு முறை குருவோடு ஊர் ஊராக யாத்திரை போகிறவர்கள்.

சென்ற ஆண்டு அம்பலவாணன் ஒரு வீட்டு வண்டி வாங்கி வந்தார். கூண்டுக்குள் படுத்துறங்கப் பலகை. பக்கத்தில் திறந்து மூடும் சன்னல். பின்புறம் அடுப்பு வைத்துச் சமைப்பதற்குத் தகரம் அடித்த தட்டு.

குரு அந்த வண்டியில் அமர்ந்து யாத்திரை போனார்.

தில்லைநாயகம் அதன் பின்னால் நடந்து போனார். சக்கரம் கிளப்பிய புழுதியை இன்னும் அவரால் விழுங்க முடியவில்லை.

“நானும் ஒரு வீட்டு வண்டி வாங்கப் போகிறேன். என் பங்கு மனையை விற்றதில் அறுநூற்று நாற்பது கிடைத்தது.”

“வாங்கும்.”

“அவன் வண்டியைவிடப் பெரியது.”

“வாங்கும்.”

“அவன் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு. இந்த ஆண்டு தாங்கள் என் வண்டியில்தான் ஏற வேண்டும்.”

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“உமக்கு நல்ல விலை வேண்டுமா? அவர் கொடுத்ததைவிடக் குறைந்த விலை வேண்டுமா?”

“இரண்டும் ஒன்றுதானே?”

“அப்படியானால், விலை பேச அம்பலவாணனை அழைத்துக்கொண்டு போம்.”



*

அந்த நாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்பவருடைய கையும், வாங்குபவருக்காகப் பேசுபவருடைய கையும் ஒரு துண்டுக்குள் மறைந்திருக்கும். முதலில் பிடிக்கும் விரல்கள் நூறுகள். அடுத்துப் பிடிப்பவை பத்துகள். ஐந்துக்கு மேலென்றால், ஐந்தையும் சேர்த்துப் பிடித்து விட்டு, மிச்சத்தைப் பிடிப்பார்கள்.

துண்டுக்குள் பேசிய விலையைப் பேரத்தில் உள்ளவர்கள் அயலாரிடம் சொல்லக் கூடாது. முடிந்த விலையை வாங்குபவர் வேண்டாமென்று விட்டால், அந்த விலை அத்தோடு செத்தது.

என் விலை அவனுக்குத் தெரியப் போகிறது. அவன் விலை எனக்குத் தெரியப் போவதில்லை. சந்தை வந்து சேரும்வரை தில்லைநாயகம் இதையே மென்றுகொண்டு நடந்தார். மடத்துக் காளைகளைப் பிடித்துக்கொண்டு அம்பலவாணன் பக்கத்தில் நடந்தார்.

அது சந்தையின் கடைசி நாள். சென்ற ஆண்டு அம்பலவாணனுக்கு வண்டி விற்ற குப்பண்ணனிடம் ஒரு பெரிய வீட்டு வண்டி மிச்சமிருந்தது.

“போய்க் கேள்” என்றார் தில்லைநாயகம்.

“பொழுது சாயட்டும்.”

“அதற்குள் எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான்.”

“போகமாட்டான்.”

“உனக்கென்ன? உன் வண்டி மடத்தில் நிற்கிறது.”

அம்பலவாணன் சிரித்தார். அதே சிரிப்பு.

“கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?”

சொல்லலாமா கூடாதா என்று தில்லைநாயகம் நெடுநேரம் தவித்தார். “அறுநூற்று நாற்பது” என்று கடைசியில் முணுமுணுத்தார்.

அம்பலவாணன் வண்டிக்கடியில் தவழ்ந்து அச்சைத் தடவிப் பார்த்தார். பலகைகளைத் தட்டிக் கேட்டார். பிறகு ஒரு மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டார்.

வெயில் தாழ்ந்தது. கடைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அப்போதுதான் எழுந்து வந்தார்.

“ஏனுங்க குப்பண்ணா, திரும்ப ஓட்டிக்கொண்டு போனால் வழியெல்லாம் சுங்கம். மழையும் வருகிறது.”

“போன வருசம் சாமி இப்படிப் பேசலீங்களே!”

“போன வருசம் முதல் நாளே வந்துவிட்டேன்.”

துண்டு விரிந்தது. கைகள் உள்ளே போயின.

தில்லைநாயகம் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். குப்பண்ணனின் புருவம் நெரிந்தது. அம்பலவாணன் தலையை ஆட்டினார்.

“கட்டாதுங்க சாமி.”

“கட்டும்.”

“என்ற வயித்துல அடிக்கிறீங்க.”

“உம் வயிறு தாங்கும், குப்பண்ணா.”

துண்டு விலகியது. அம்பலவாணன் தோழரின் காதருகே வந்தார்.

“முடிந்தது. அறுநூற்று நாற்பது.”

தில்லைநாயகத்தின் முகம் கறுத்தது.

“என் மடியில் இருப்பதை அப்படியே அவனிடம் சொல்லிவிட்டாயா?”

“எண்ணூறில் தொடங்கினார். உன்னிடம் இருப்பதற்கு இறக்கினேன்.”

“உன் வண்டி என்ன விலை? அதைச் சொல்.”

“அது துண்டுக்குள் பேசியது.”

“நீ ஐந்நூறுக்கு வாங்கியிருப்பாய். என்னை அறுநூற்று நாற்பதில் தள்ளிவிட்டு, யாத்திரை முழுவதும் சிரிக்கலாம் என்று பார்க்கிறாய்.”

“தில்லைநாயகம்…”

“இந்த விலை எனக்கு வேண்டாம். நானே பேசிக்கொள்கிறேன்.”

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

“துறவிகளுக்குள்ளயே பங்காளிச் சண்டையா?” என்றான் ஒருவன். “நாம சம்சாரிகள் அடிச்சுக்கிட்டா மட்டும் குத்தமுங்க.”

குப்பண்ணன் தில்லைநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாமிக்கு என்ன வேணுமுங்க? மறைக்காமச் சொல்லுங்க.”

“அவன் கொடுத்ததைவிடக் குறைய வேண்டும்.”

“அவ்வளவுதானுங்களா? இதை முதல்லயே சொல்லியிருந்தா இந்நேரம் வண்டி பாதி வழி போயிருக்குமே! அவர் குடுத்ததை நான் சொல்லக் கூடாது. ஆனா அதுல பத்து ரூபாயைக் குறைச்சுக்கிறேன். என்ற குலசாமி மேல ஆணை. கையைக் குடுங்க.”

மறுபடியும் துண்டு.

ஏழு விரல். பிறகு ஒரு விரல்.

தில்லைநாயகம் துண்டை உதறி எறிந்துவிட்டு அம்பலவாணன் பக்கம் திரும்பினார்.

“நீ எழுநூற்று இருபது கொடுத்தாய். உண்மையா, இல்லையா?”

அம்பலவாணன் தரையைப் பார்த்தார்.

“உண்மை.”

தில்லைநாயகத்தின் நெஞ்சு குளிர்ந்தது. ஓராண்டாக எரிந்த நெஞ்சு.

“உனக்கு எழுநூற்று இருபது. எனக்கு எழுநூற்றுப் பத்து!”

“தில்லைநாயகம், அந்த அறுநூற்று நாற்பதுக்கு இன்னொரு முறை கேட்டுப் பார்க்கிறேன்.”

“நீ வாயைத் திறக்காதே. பொறுக்கவில்லையோ?”

“அந்த விலை செத்துப் போச்சுங்க” என்றார் குப்பண்ணன், பணத்துக்குக் கையை நீட்டியபடி.

மடியை அவிழ்த்துக் கொட்டினார் தில்லைநாயகம். எழுபது குறைந்தது.

குப்பண்ணனின் கை நீட்டியபடியே இருந்தது. தில்லைநாயகம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அம்பலவாணன் தம் இடுப்புப் பையைத் திறந்தார். எழுபது ரூபாயைத் தோழரின் உள்ளங்கையில் வைத்தார்.

தில்லைநாயகம் அதை வாங்கிக் கொடுத்தார். எவர் கொடுத்த பணம் என்று அப்போது அவர் நினைக்கவேயில்லை.

*

புது வண்டியைத் தில்லைநாயகம் ஓட்டி வந்தார். அம்பலவாணன் பின்னால் நடந்து வந்தார்.

“எங்கே, இப்போது சிரி பார்க்கலாம்!” என்று வண்டியிலிருந்து குரல் கொடுத்தார்.

அம்பலவாணன் சிரித்தார்.

“ஏன் சிரிக்கிறாய்?”

“ஏமாந்தவன் வேறென்ன செய்வான்? முதல் நாளே போய், கேட்டதைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கம். போன ஆண்டு முழுவதும் சிரித்ததும் இந்தச் சிரிப்புத்தான்.”

தில்லைநாயகம் காளைகளைத் தட்டி விரட்டினார்.

*

யாத்திரை புறப்படும் காலை. மடத்து வாசலில் இரண்டு வீட்டு வண்டிகள் நின்றன. தில்லைநாயகம் தம் வண்டியின் படியை மேல்துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

குரு வெளியே வந்தார்.

“என்ன விலை?”

“அவனைவிடப் பத்து ரூபாய் குறைவு, தாயே.”

“அவர் உமக்குப் பேசி முடித்த விலை?”

“அது… அது போய்விட்டது.”

“மீதிப் பணம் எவருடையது?”

தில்லைநாயகம் அம்பலவாணனைப் பார்த்தார். பார்வை அங்கே நிற்க முடியாமல் காளைகள் மேல் விழுந்தது.

“கையைக் கொடும்.”

குரு தம் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நீட்டிய கையின்மேல் போர்த்தினார். தம் கையை உள்ளே விட்டார்.

ஐந்து விரல்களையும் ஒருசேரப் பிடித்தார். விட்டார். ஒரு விரலைப் பிடித்தார்.

சற்றுப் பொறுத்தார்.

பிறகு நான்கு விரல்களைப் பிடித்தார். நெடுநேரம் விடவில்லை.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, எந்த வண்டியிலும் ஏறாமல், சாலையில் இறங்கி நடந்தார்.

தில்லைநாயகத்தின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

அந்த ஆண்டு யாத்திரையில் இரண்டு வண்டிகளும் காலியாகப் போயின.

*

அறுவடைக்காலம் வந்தது. தில்லைநாயகம் வண்டிக்குள்ளிருந்த படுக்கைப் பலகையைக் கழற்றி வைத்தார். களம் களமாகப் போய்க் கூலிக்கு நெல் மூட்டை ஏற்றினார்.

“என்னங்க சாமி, நெல்லு மூட்டைக்குச் சன்னல் வெச்ச வண்டியா?” என்று களத்து ஆட்கள் கேலி செய்தார்கள்.

“அதற்கும் வேர்க்குமப்பா” என்றார் தில்லைநாயகம்.

கடைசிக் களத்துக் கூலியை வாங்கிய அன்று மாலை, அம்பலவாணன் முன்னால் போய் அமர்ந்தார். முடிச்சை அவிழ்த்துத் தரையில் வைத்தார். துண்டு எதுவும் போர்த்தவில்லை. மடத்தார் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எண்ணிக்கொள், அம்பலவாணா.”

அம்பலவாணன் எண்ணினார்.

“நான் கொடுத்தது எழுபது. இதில் பத்து மிகுதியாக இருக்கிறது.”

“மிகுதி இல்லை.”

“பிறகு இந்தப் பத்து எதற்கு?”

“நீ எண்ணு.”

அம்பலவாணன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் எண்ணி, மடியில் கட்டிக்கொண்டார்.

எண்பது ரூபாய்.