மூலைக்கு நாலு விரல் பஞ்சு

மாங்குன்றத்து ராஜா மகரகேதுவுக்கு யுத்தம் ஆகாது. ஆனால் மோதலை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, பாடசாலைப் பிள்ளைகள் செய்த பொறிவண்டிகளைக் களத்தில் ஓடவிடுவார். சாவி கொடுத்தால் தானாக ஓடிப் பந்து பொறுக்குகிற வண்டிகள். ஜெயிக்கிறவர்களுக்கு அரண்மனைப் பட்டறையில் இடம்.

ஒன்றையொன்று இடித்து உடையாமல் இருக்க, வண்டியைச் சுற்றிப் பஞ்சுத் திண்டு கட்ட வேண்டும். இப்போது பம்பர் என்கிறோமே, அதேதான். இதைச் சொல்ல ஒரு வரி போதும். விதிமந்திரி கனகசபேசருக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ஓலை தேவைப்பட்டது. திண்டின் உயரம், மூலைக்கு எத்தனை விரல் பஞ்சு, துணியின் நிறம், தையலுக்குத் தையல் இடைவெளி, எல்லாம் உண்டு. செவ்வாய்க்கிழமைதோறும் திருத்தம் வேறு. முழுதாகப் படித்தவர் நாட்டில் யாரும் கிடையாது, எழுதியவர் உட்பட. ராஜாவும் படிக்காமலேதான் முத்திரை குத்தினார்.

போட்டியன்று காலை மந்திரி அளவுகோலும் கையுமாக வண்டிகளைச் சோதித்துக்கொண்டு வந்தார். கொல்லர் தெருப் பாடசாலை உலகம்மையின் வண்டி முன்னால் வந்ததும் நின்றார். அது கவிழ்த்த அண்டா மாதிரி உருண்டையாக இருந்தது. எங்கேயும் மாட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும் என்று பதினோரு மாதம் தட்டித் தட்டிச் செய்தது. சுற்றிலும் தலையணை மாதிரித் திண்டு.

"மூலை எங்கே?" என்றார்.

"வட்டத்துக்கு ஏதுங்க மூலை?"

"மூலை இல்லையென்றால் மூலையில் பஞ்சு இல்லை. மூலையில் பஞ்சு இல்லையென்றால் வண்டி களத்தில் இல்லை. அடுத்து."

உலகம்மை ராஜாவிடமே ஓடினாள். பின்னாலேயே மந்திரியும் விதிக்கட்டோடு வந்து சேர்ந்தார். அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முத்திரை தன்னுடையதாயிற்றே என்று மென்று விழுங்கினார். பக்கத்தில் நப்பின்னை நின்றிருந்தாள். ராஜாவுக்கு வருகிற ஓலைகளையெல்லாம் வாசித்துக் காட்டுவது அவள் வேலை. விதிக்கட்டில் மட்டும் பாதியைத்தான் தாண்டியிருந்தாள்.

அவள் மந்திரியிடம் பணிவாகக் கேட்டாள். "ஐயா, விதியில் கருத்தைப் பார்க்க வேண்டுமா, எழுத்தைப் பார்க்க வேண்டுமா?"

"எழுத்தைத்தான். கருத்து ஆளுக்கு ஆள் மாறும்."

"எழுத்தில் பிழை ஏதும்?"

மந்திரிக்கு மூக்கு சிவந்தது. அத்தனை ஓலையும் தன் கைப்பட எழுதியது, ஒரு புள்ளிகூடத் தப்பாது என்றார்.

நப்பின்னை கட்டிலிருந்து நூற்று நாற்பதாம் ஓலையை உருவினாள். நாக்கை நன்றாக மடித்து வாசித்தாள்.

"களத்தில் நிற்கும் எல்லோருக்கும், எல்லாவற்றுக்கும், மூளையில் நாலு விரல் கனத்துக்குப் பஞ்சு இருக்க வேண்டும். இல்லாதவர் வெளியேறுக."

ராஜா ஓலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ளகரம்தான். சந்தேகமே இல்லை. மந்திரி வாயில் லகரமும் ளகரமும் ஒரே மாதிரி வரும். கையிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

"அது மூலை, மகாராஜா" என்று பதறினார் மந்திரி. "கை தவறிவிட்டது. கருத்தைப் பாருங்கள்."

"பார்க்கலாமே" என்றாள் நப்பின்னை. "இடித்தால் உடையக் கூடாது என்பதுதானே கருத்து? இந்தப் பெண்ணின் வண்டியில் பஞ்சு இல்லாத இடமே இல்லை. அவள் உள்ளே. இல்லை, எழுத்துத்தான் என்றால் வண்டிகள் அத்தனையும் வெளியே. எதற்கும் மூளை கிடையாது. பிள்ளைகளும் வெளியே. அவர்களுக்கு இருக்கிறது, ஆனால் அதில் பஞ்சு இல்லை."

ராஜா தாடியைச் சொறிந்தார். "அப்படியானால் விதிப்படி களத்தில் யார்தான் மிஞ்சுவார்?"

"ஒருவர் மிஞ்சுவார், மகாராஜா. கனம் நாலு விரல் இருக்கிறதா என்று மட்டும் அளந்துவிட வேண்டும்" என்று சொல்லி, மந்திரி கையிலிருந்த அளவுகோலை வாங்கி அவர் தலைக்கு நேராக நீட்டினாள்.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அளவுகோல் நெற்றிக்கு வருமுன்னே, உலகம்மையின் வண்டிக்கு மந்திரியே வழிவிட்டார். அடுத்த வருஷத்து விதிகளை எழுதும் வேலை நப்பின்னைக்குப் போயிற்று. ஒரே ஓலை. அதிலும் பாதி காலி.