புலி முன்னால் பழைய நாண்

குறிஞ்சிக்கோட்டை ராஜா மழவராயருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. காலிப் பெருங்காய டப்பாவைக்கூடக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற ரகம். நம் வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருப்பார். ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வருஷத்து இருமல் சிரப் வைத்திருப்பார். சிம்மாசனம் மட்டும் இருக்காது.

அந்த மழைக்காலத்தில் ராணி காந்திமதிக்குக் காய்ச்சல். மூன்று நாளாகியும் இறங்கவில்லை. அரண்மனை வைத்தியர் மாசிலாமணி சூரணச் சாடியை எடுத்தார். மருந்து இடித்ததும், எந்த மாதம் வரை நல்லது என்று எழுதி, சாடிக் கழுத்தில் ஓலை நறுக்குக் கட்டுவது அவர் வழக்கம். ஓலையில் இருந்த மாதம் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"புதுசா இடிக்கணும், மகாராஜா. மலைக்கு ஆள் அனுப்பினால் சாயங்காலத்துக்குள் மூலிகை வந்துடும்."

"சாடி நிறைய இருக்கே, வைத்தியரே. நிறம் மாறலே, வாசனை போகலே. ஓலையிலே எழுதினதைச் சூரணம் படிச்சுதா? இதையே கொடும். முடியாதென்றால் நாளைக்கு வேறு வைத்தியர்."

மாசிலாமணி நேரே மந்திரி சாத்தப்பரிடம் ஓடினார்.

"கொடுத்தால் விஷமாகுமோ?" என்றார் சாத்தப்பர்.

"விஷம்னு சொல்ல மாட்டேன், மந்திரியாரே. கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும். இதை நம்பி ஒரு நாள் போச்சுன்னா, காய்ச்சல் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

"ராஜா எங்கே?"

"புலி வேட்டைக்குக் கிளம்புறார்."

பெண்டாட்டி படுத்திருக்கும்போது வேட்டையா என்று கேட்காதீர்கள். ஊர் ஆட்டுக்கிடையில் புலி புகுந்திருந்தது. தவிர, அவர் ஆண்பிள்ளை.

"மலைக்கு இப்பவே ஆளை அனுப்பும். மற்றதை நான் பார்த்துக்கறேன்," என்றார் சாத்தப்பர்.

ராஜாவின் வில்லுக்கு ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் புது நாண் கட்டுவார்கள். கழற்றின நாண்களெல்லாம் ஒரு பெட்டியில் பத்திரமாக இருந்தன. வேறு யார் உத்தரவு?

வாசலில் குதிரை ஏறிய ராஜா, சாத்தப்பர் நீட்டிய வில்லை வாங்கினார்.

"என்னய்யா, நாண் பழுப்பா இருக்கு?"

"மூணு வருஷத்து நாண், மகாராஜா. பெட்டியிலே சும்மா கிடந்தது. இழுத்துப் பார்த்தேன், அறுந்து போகலே."

"மாங்காய் அடிக்க இது போதும். எதிரே புலி நிற்கும்போது அறுந்தால்?"

"அறுந்தே போகும்னு யார் சொன்னது? தாங்கினாலும் தாங்கும்."

"தாங்கினாலும் தாங்குமா? அதைப் புலி முன்னாலயா சோதிச்சுப் பார்ப்பாங்க?"

சாத்தப்பர் நிமிர்ந்து ராணியின் ஜன்னலைப் பார்த்தார். ராஜாவும் பார்த்தார். வில்லைத் திருப்பி நீட்டினார்.

"புது நாண் கட்டச் சொல்லும்," என்றார் ராஜா, குரல் இறங்கி. "மலைக்கும் ஆள் அனுப்பும்."

"போய் ஒரு நாழிகை ஆச்சு, மகாராஜா."

சாயங்காலம் புதுச் சூரணம் இடித்தார்கள். மூன்றாம் நாள் ராணி எழுந்து உட்கார்ந்தார். முதல் வேலையாகப் பழைய சாடியைக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னார்.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். சாத்தப்பரைக் கூப்பிட்டு ஒரு பட்டுச் சால்வையும், பானை நிறைய அதிரசமும் கொடுத்தார். சாத்தப்பர் சால்வையைப் போர்த்திக்கொண்டார். பானையின் கழுத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா தேடுறீர்?"

"ஓலையை, மகாராஜா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ராணி சிரிக்கவில்லை.

"தொடாதீங்க, மந்திரியாரே. அந்த அதிரசம் எங்க கல்யாணத்துக்குச் சுட்டது."